அசுவினிக்கும் பொறிவண்டுக்கும் நடுவே பத்து நாள்

"என்ன அடிக்கலாம்?"

மாடித்தோட்டம் போட்ட நாலு பேர் கூடினால் ஐந்தாவது நிமிடத்தில் வந்துவிடும் கேள்வி இது. ஆடியில் ஊன்றிய அவரை பந்தல் ஏறி, கார்த்திகையில் பூ வைத்து, மார்கழிப் பனி இறங்கும் நேரம் பார்த்துக் கொழுந்தில் கருப்பாக, சாறு உறிஞ்சும் அசுவினிப்பூச்சி அப்பிக்கொள்ளும். செடிக்குச் சொந்தக்காரர் பதறிப்போய்க் கேட்பார். பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது: லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒரு தடவை, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இயற்கை மருந்துதானே, அடித்து வைத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று அதற்கு ஒரு வால் வேறு.

அந்த வால்தான் நெடுநாளாக உறுத்துகிறது. வேப்பெண்ணெய்க்கு நான் விரோதி இல்லை. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் இலையைக் கடிக்கிற, சாற்றை உறிஞ்சுகிற பூச்சியின் பசியையும் தோலுரிப்பையும் கெடுக்கும். இலையைத் தின்னாமல் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. ஆனால் ஸ்ப்ரேயரில் நாம் ஊற்றுவது எண்ணெயும் சோப்பும். மெல்லிய உடம்பு உள்ள எதன்மேல் பட்டாலும் அந்தப் படலம் மூச்சுத்துளையை அடைத்துவிடும். கீழே இருப்பது அசுவினியா, அசுவினியைத் தின்ன வந்த புழுவா, அடுத்த வாரம் பொரிக்கவிருக்கும் முட்டையா என்று அது பார்ப்பதில்லை. இரண்டு தரப்பும் சாகும். அதற்குப் பிறகு எந்தத் தரப்பு முதலில் எழுந்து வரும் என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை. இறக்கை முளைத்த ஒரே ஒரு தாய் காற்றில் வந்து கொழுந்தில் இறங்கினால் போதும். முட்டை கூட இடாமல் நேரே குட்டி போடும். நம் ஊர்ச் சூட்டில் அந்தக் குட்டி ஒரு வாரத்துக்குள் தானே குட்டி போடத் தொடங்கிவிடும். பொறிவண்டுக்கு முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அதுவும், தின்ன அசுவினி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் தாய் வண்டு முட்டையே வைக்கும். ஆக, வாரம் ஒருமுறை அடிக்கிற தோட்டத்தில் ஏழாவது நாளில் அசுவினி திரும்பியிருக்கும், பொறிவண்டு ஒருபோதும் தலைகாட்டியிருக்காது. "எவ்வளவு அடிச்சாலும் போக மாட்டேங்குது" என்ற புலம்பல் அங்கிருந்து வருகிறது.

ஒரு கொழுந்தில் நடப்பது

அவரைக் கொழுந்து ஒன்றை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றுடன் (செல்போன் கேமராவை ஜூம் செய்தாலும் ஓரளவு தெரியும்) தினம் காலையில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நாள்கணக்கு வெயில், பனியைப் பொறுத்து ஓரிரண்டு முன்பின் ஆகலாம்; வரிசை மாறாது.

முதல் நாள் பளபளப்பான கருப்பில் ஒற்றைத் தாய். மூன்றாம் நாள் அதைச் சுற்றிச் சாம்பல் பூத்த மாதிரி பத்துப் பதினைந்து குட்டிகள். ஐந்தாம் ஆறாம் நாளில் கொழுந்தின் தண்டே தெரியாது. இலை கீழ்ப்பக்கமாகச் சுருளும். அடியிலுள்ள இலைகளில் தேன் தடவியது போல் பிசுபிசுப்பு. எறும்பு வரிசை கட்டியிருக்கும். இந்த நேரத்தில்தான் பொறிவண்டும் வந்திறங்கும். நம் தோட்டங்களில் அதிகம் தென்படுவது ஆரஞ்சு மஞ்சள் முதுகில் வளைந்து நெளிந்த கருங்கோடு போட்ட இனம். வந்த வண்டு தின்பதைவிட முக்கியமான வேலை ஒன்றைச் செய்கிறது: சுருண்ட இலையின் அடியில், கதிர்போல இரு முனையும் கூம்பிய மஞ்சள் முட்டைகளைப் பத்து, இருபது என்று நெருக்கி நிற்கவைத்துவிட்டுப் போகும். அதே நாள்களில் குளவி வேஷம் போட்ட சின்ன ஈ ஒன்று அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று இறங்கி, கூட்டத்தின் நடுவில் வெள்ளையாக ஒரே ஒரு முட்டையைச் செருகும். அது சிர்பிட் ஈ.

எட்டாம் நாள் பார்க்கச் சகிக்காது. பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படரத் தொடங்கியிருக்கும், பூக்காம்பு வரை அசுவினி ஏறியிருக்கும். தோட்டக்காரரின் பொறுமை அறுகிற நாள் இதுதான். ஸ்ப்ரேயரை எடுக்கிறார். அன்று அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் முட்டைகள் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு மாறியிருப்பது தெரியும். மறுநாள் பொரிக்கப் போகிறது என்று பொருள். ஒரே ஒரு நாள். மருந்தடித்த சாயங்காலம் தோட்டம் சுத்தமாகத் தெரிவதால் செய்தது சரி என்றே தோன்றும். மஞ்சள் முட்டையை அவர் பார்த்ததே இல்லை என்பதால் எதை இழந்தோம் என்பதும் தெரியாது.

அடிக்காமல் விட்டால் ஒன்பதாம் பத்தாம் நாளில் முட்டைத் தோலையும், சில சமயம் பொரிக்காத உடன்பிறப்பையும் தின்றுவிட்டுப் புழுக்கள் கிளம்பும். பொறிவண்டுப் புழு ஒன்று வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். பசி கடைசி நான்கைந்து நாளில்தான் உச்சம். பன்னிரண்டாம் நாள் வாக்கில் கொழுந்தில் உயிருள்ளவற்றைவிட அசுவினி உரித்துப்போட்ட வெள்ளைச் சட்டைகள் அதிகம் தெரியும். அவற்றின் நடுவே உப்பிப்போய், வைக்கோல் நிறத்தில், உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினிகள் சில இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. முதுகில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை இருந்தால் அது வெளியே வந்து அடுத்ததைத் தேடிப் போய்விட்டது. இந்த உப்பிய அசுவினி பத்துக்கு இரண்டு மூன்று தெரிந்தால் ஸ்ப்ரேயரைக் கழுவி உள்ளே வைத்துவிடலாம்.

சும்மா இருப்பதற்கும் முறை உண்டு

பத்து நாள் காத்திருங்கள் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று அர்த்தமில்லை. ஆறு இலைகூடத் தாண்டாத நாற்றாக இருந்தால் அது தாங்காது. இரண்டு விரலால் நீவி நசுக்கிவிட வேண்டியதுதான். வளர்ந்த பந்தலில் மூன்று கொழுந்தில் இரண்டை விடிகாலையில் தண்ணீரால் அடித்துக் கழுவலாம். பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்து, இலையைத் தூக்கிப் பிடித்து, கீழிருந்து மேலாகப் பீய்ச்ச வேண்டும். விழுந்த அசுவினி பெரும்பாலும் திரும்ப ஏறிவராது. மூன்றாவது கொழுந்தைத் தொடக் கூடாது. பொறிவண்டுக்குப் போட்ட இலை அது. முற்றிலும் சுருண்ட நுனியைக் கிள்ளுவதானால் குப்பைக்கூடையில் போடாமல் செடியின் அடியிலேயே மூடாக்காகப் போட்ட சருகின் மேல் போட்டால், உள்ளே இருக்கும் புழு தானே ஊர்ந்து தண்டில் ஏறிக்கொள்ளும்.

கூடவே கடலைப்புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் இரண்டையும் இரண்டு வாரத்துக்கு நிறுத்தவேண்டும். செடி வாடியிருக்கிறதே என்று சத்து ஊற்றுவதுதான் வழக்கம். தழைச்சத்து ஏற ஏறக் கொழுந்து நீளும், திசு இளகும், சாறு அசுவினிக்குப் பதமாகும். எண்ணெயும் சோப்பும் தெளித்தே ஆகவேண்டும் என்றால் செடி முழுவதுக்கும் தெளிக்காமல், லென்ஸில் பார்த்து, புழுவோ முட்டையோ இல்லாத கொழுந்துக்கு மட்டும் தெளிக்கலாம். கைக்கு அடக்கமான அரை லிட்டர் ஸ்ப்ரேயர் போதும். பெரிய ஸ்ப்ரேயர் கையில் இருந்தால் தோட்டம் முழுவதும் அடிக்கத்தான் கை போகும்.

காத்திருப்பது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். வெண்டையில் மஞ்சள் நரம்பு தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். எத்தனை பொறிவண்டு வந்தாலும் அந்தச் செடி தேறாது, அன்றே பிடுங்கவேண்டும். கத்தரியில் நுனி தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே நறுக்கி, பிளந்து பார்த்துப் புழுவைக் கொல்லவேண்டும். பாகல், பீர்க்கில் பழ ஈ குத்திய பிஞ்சைப் பறித்து மூடிய பையில் போட்டு வெயிலில் வேகவிட வேண்டும்; மண்ணில் விட்டால் அடியில் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை எழும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன் வகை. இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்றால் யார் என்ன செய்யமுடியும்.

ஆள்மாறாட்டம்

நன்மை செய்யும் பூச்சிகளை அதிகம் கொல்வது மருந்தில்லை, நம் கட்டைவிரல்தான். படத்துப் பொறிவண்டு அழகாக இருக்கும். அதன் குழந்தை முதலைக்குட்டி மாதிரி இருக்கும். கருத்த நீண்ட உடம்பு, ஆறு கால், முதுகில் ஆரஞ்சு அல்லது வெள்ளைத் திட்டு, முள் முள்ளாக. பார்த்தவுடன் நசுக்கத் தோன்றும் உருவம். அது கூட்டுப்புழுவாகும்போது இலையின் மேலேயே வாலால் ஒட்டிக்கொண்டு ஆரஞ்சுக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். இலைக்கு ஏதோ நோய் என்று இலையோடு கிள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. சிர்பிட் ஈயின் புழு இன்னும் பாவம். காலும் தெரியாது, தலையும் தெரியாது, கண்ணாடி போன்ற பச்சையில் குட்டி அட்டை மாதிரி நெளியும். காய்ப்புழு என்று நினைத்து எடுத்துக் காக்கைக்குப் போட்டுவிடுவார்கள்.

மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்தியில் நடக்கும் ஆள்மாறாட்டம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பித் தோட்டச் செதில்பூச்சிக்காக வந்து, அதில் பெரிதாகச் சோபிக்காமல், மாவுப்பூச்சியைத் தின்னக் கற்ற இடத்தில் நிலைத்துவிட்டது. அதன் புழு மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். "பெரிய பெரிய மாவுப்பூச்சியா வந்திருக்கு" என்று பழைய டூத்பிரஷால் தேய்த்துத் தள்ளுவது பெரும்பாலும் இதைத்தான். வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. மாவுப்பூச்சி மூன்று மில்லிமீட்டர் தாண்டாது, குத்தினாலும் அசைய யோசிக்கும். இந்தப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகும், மெழுகு இழைகள் சடை சடையாகத் தொங்கும், ஈர்க்குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நடந்துபோகும். ஐந்து விநாடி தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பிரஷை எடுக்கலாம்.

இலையடியில் நூல் முனையில் வெள்ளை அரிசி ஆடுவது போல் தெரிந்தால் பூசணம் இல்லை, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. குப்பை ஒன்று தானாக நடந்துபோனால் அதே குடும்பத்துப் புழு, தான் தின்ற அசுவினியின் சக்கையைச் சுமந்துபோகிறது. முதுகிலும் பக்கவாட்டிலும் வெள்ளை வெள்ளையாக அரிசிமணி ஒட்டிய பச்சைப்புழு தெரிந்தால் அது ஏற்கெனவே செத்ததற்குச் சமம். அரிசிமணி ஒவ்வொன்றும் ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. ரோஜா இலையில் கத்தரியால் வெட்டியது போல அரைவட்டம் காணாமல் போயிருந்தால் இலைவெட்டித் தேனீ கூடு கட்டக் கொண்டுபோயிருக்கிறது; செடிக்கு ஒன்றும் ஆகாது.

பொறிவண்டு என்றாலே கும்பிடு போடவும் வேண்டாம். கத்தரி, பாகல் இலையைச் சல்லடையாக்கும் ஒரு பொறிவண்டு உண்டு. பளபளப்பில்லாமல் மெல்லிய ரோமம் படர்ந்த மங்கிய செம்பழுப்பு முதுகு, அதில் நிறையப் புள்ளிகள், புழு மஞ்சளாக உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு. அது இருக்கும் இலையில் நரம்பு மட்டும் ஏணிப்படி போல மிஞ்சியிருக்கும். அதைத் தாராளமாக நசுக்கலாம்.

எறும்பு என்ற காவல்காரன்

இவ்வளவும் செய்து, பதினைந்து நாளாகியும் அசுவினி குறையவில்லை என்றால் எறும்பைப் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றை மாடு மேய்ப்பது போல் மேய்க்கும். பொறிவண்டின் முட்டையைத் தூக்கிப்போடும், புழுவைக் கடித்து விரட்டும், ஒட்டுண்ணிக் குளவியை இறங்கவே விடாது. எறும்புக்கு வழியைத் திறந்து வைத்துவிட்டுக் காசு கொடுத்துக் கிரிப்டோலேமஸ் வாங்கிவந்து செடிக்குப் பத்து என்று விட்டால், மறுநாள் ஒன்றுகூட அங்கே இருக்காது.

எறும்பை ஒழிக்க வேண்டியதில்லை, செடியில் ஏறாமல் தடுத்தால் போதும். ஸ்டாண்டில் இருக்கும் பைகளுக்கு, ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் ஒரு கொட்டாங்குச்சியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மேலே நாலு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டால் எறும்பு கடக்காது, கொசுவும் முட்டை வைக்காது. கொடிக்கும் மரத்துக்கும் தண்டில் கிரீஸ் தடவச் சொல்வார்கள். நேரே பட்டையில் தடவினால் பட்டை வெந்துபோகும். மூன்று விரல் அகலத்துக்குப் பழைய துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன்மேல் தடவவேண்டும். மாதம் ஒருமுறை அவிழ்த்துத் தண்டு பருத்திருந்தால் தளர்த்தவேண்டும். கிரீஸுக்குப் பதில் வாஸ்லின் தடவினால் நம் வெயிலில் ஒழுகிவிடும். மஞ்சள்தூள் கோடு முதல் தண்ணீரில் போய்விடும்.

தடுப்பு தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பாலம்தான். தண்டில் கிரீஸ் கட்டியிருப்பார்கள். பந்தல் கம்பி சுவரில் அறைந்த ஆணியில் போய் முடியும். எறும்பு சுவரேறி ஆணிவழி கம்பிக்கு வந்து கொடிக்குப் போய்விடும். சுவரில், பக்கத்துத் தொட்டியில், துணிக்கொடியில் எங்கே இலை உரசுகிறது என்று ஒரு சுற்று பார்த்து, உரசும் ஒவ்வொரு இடத்தையும் வெட்டவேண்டும், அல்லது அங்கேயும் ஒரு கிரீஸ் துணி கட்டவேண்டும். இந்தச் சுற்று ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். பொறிவண்டு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்தப் பத்து நிமிடம் உதவும்.

ஒரு மில்லிமீட்டர் குளவி

காத்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பார்க்கலாம். மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இரண்டு ஆண்டுக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தார்கள். உடம்பு மெழுகால் போர்த்தியது, முட்டை பஞ்சுப் பையில் பொதிந்தது. மருந்து வழுக்கிக்கொண்டு போனது. 2010-ல் பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிகோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துத் தமிழ்நாட்டில் விட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, மனிதரைக் கொட்டத் தெரியாது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், உள்ளே புழு தின்று வளரும், வெறும் கூடு மிஞ்சும். சில மாதங்களிலேயே பப்பாளித் தோட்டங்கள் மூச்சுவிட ஆரம்பித்தன. அந்தக் குளவியின் வாரிசுகள் இன்றும் நம் ஊரில் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் இதே பாடம்தான். என்கார்சியா என்ற இன்னொரு குட்டிக் குளவி தானாகவே வந்து சேர்ந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான் என்பதால், ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னார்கள். மாடித்தோட்டக்காரர்களுக்கு இது வேறு வழியில் வந்து சேரும்: பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒழுகும் வெள்ளை ஈயின் இனிப்புக் கழிவு நம் கத்தரி இலையில் விழுந்து கரும்பூசணம் பிடிக்கும். அதற்குக் கத்தரிச் செடிக்கு மருந்தடித்து என்ன பயன்? இலையை மைதா அல்லது ஸ்டார்ச் கஞ்சித் தண்ணீரால் நனைத்துக் காயவிட்டால் பூசணம் பொருக்காக உரிந்து விழும்.

தாய்க்குத் தேன், பிள்ளைக்குப் பூச்சி

இரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பூச்சிகளைத் தின்பது பிள்ளைகள். சிர்பிட் ஈக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் வளர்ந்த பருவத்தில் வேண்டியது தேனும் மகரந்தமும். அவற்றின் வாய் குட்டை. செம்பருத்தியின் ஆழத்துக்குள் நுழையாது. தட்டை தட்டையாக, குடை விரித்தது போலப் பூக்கும் கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை மாதிரிப் பூக்கள்தான் அவற்றுக்குப் பந்தி. நம் வெயிலில் மல்லி சீக்கிரம் பூத்துவிடுகிறது என்று வருத்தப்பட்டுப் பிடுங்கிப் போடுகிறோமே, அதைவிட மலிவான மருந்து கிடையாது. தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு பிடி என்று ஒரு பையில் தூவிக்கொண்டே வந்தால், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு எப்போதும் ஏதாவது ஒன்று பூவில் இருக்கும்.

பத்துக் க்ரோ பேக்குக்கு ஒன்று என்று இப்படிக் காய்க்காத பை வைப்பது என் கணக்கு. அதில் மல்லியோடு திருநீற்றுப்பச்சிலை, பூக்கவிட்ட முள்ளங்கி இருக்கலாம். துளசியின் கதிரைக் கிள்ளிவிடும் பழக்கம் உண்டு. பாதியை விட்டுவைத்தால் தேனீ நாள் முழுக்க மொய்க்கும். பை ஓரத்தில் முளைக்கும் தும்பையையும் மூக்குத்திப்பூவையும் களை என்று எடுக்கவேண்டாம். அடுக்கடுக்காகப் பந்து மாதிரி மலரும் ஹைப்ரிட் செண்டுமல்லி பார்வைக்கு அழகு. குட்டிக் குளவிக்கு அதற்குள் தேனுக்கு வழி கிடைப்பது கஷ்டம். ஒற்றை அடுக்கு நாட்டு ரகம் மேல்.

இன்னொரு பை தட்டைப்பயறுக்கு. அதில் வரும் கருப்பு அசுவினி பயறு வகைகளைத்தான் விரும்பும். தக்காளி, கத்தரியை அவ்வளவாக நாடாது. தட்டைப்பயறை மற்றவற்றைவிட இரண்டு மூன்று வாரம் முந்தி விதைத்தால் அதில் அசுவினி வரும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும், மிளகாயில் வேறு வகை அசுவினி வரும்போது படை பக்கத்துப் பையிலேயே தயாராக நிற்கும். பருத்திக்காட்டில் வரப்போரம் தட்டைப்பயறு போடச் சொல்வதும் இதற்குத்தான். அவரைப் பந்தலுக்கு மிக அருகில் மட்டும் வைக்கவேண்டாம். இரண்டிலும் ஒரே அசுவினி.

தண்ணீருக்கு ஓர் அகலத் தட்டு, இரண்டு விரல் ஆழம், நடுவில் தலை நீட்டும் கூழாங்கற்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

நல்ல எண்ணத்தில் வைக்கும் பொறிகள்

மஞ்சள் ஒட்டுப்பொறியை மாடித்தோட்டத்தின் அடையாள அட்டை போல ஆக்கிவிட்டார்கள். வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று பார்க்க அது நல்ல கருவி. ஒன்று மாட்டி, மூன்று நாள் பார்த்து, கழற்றிவிடலாம். வருஷம் முழுக்கத் தொங்கவிட்டால் மஞ்சளைப் பூ என்று நினைத்து வரும் சிர்பிட் ஈயும் பொறிவண்டும் குளவியும் அதில்தான் சாகும். ஒட்டிக்கிடப்பதை லென்ஸால் ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்கள் மறுபடி மாட்டத் தயங்குவார்கள். ராத்திரி முழுக்க எரியும் விளக்குப்பொறிக்கும் இதே குறை.

"சாயங்காலம் அடியுங்கள், தேனீ இருக்காது" என்ற அறிவுரையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பூசணியும் பாகலும் காலையில் மலர்வன. அவற்றுக்கு அது சரி. பீர்க்கும் சுரையும் மலர்வதே சாயங்காலம்தான். புடலை இருட்டிய பிறகு வெள்ளை நூல் விரித்துப் பூக்கும். அந்தப் பந்தலில் அந்திக்கு அடித்தால், மகரந்தம் சுமக்க வரும் அந்துப்பூச்சி நேரே ஈர எண்ணெயில் வந்து உட்காரும். பூ நிறையப் பூத்தும் பிஞ்சு வெம்பி உதிர்கிறது என்றால், சத்துக் குறை என்று முடிவு கட்டும் முன் இந்த நேரக் கணக்கையும், பந்தலுக்கு மேலே விடிய விடிய எரியும் எல்.இ.டி. விளக்கையும் பார்க்கவேண்டும். அதுவரை ஆண்பூவைக் கிள்ளி, பெண்பூவின் நடுவில் தொட்டு எடுக்கலாம், அதே அந்தி நேரத்தில்.

தக்காளிக்கும் கத்தரிக்கும் வேறு கதை. அவற்றின் மகரந்தம் உப்பு டப்பாவில் அடைத்தது மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் கருநீலத் தச்சுத்தேனீ போன்றவற்றுக்குத் தெரியும். காய்ந்த மூங்கிலில் சுண்டுவிரல் பருமனுக்குத் துளை போட்டு அது குடியிருக்கும். பந்தல் கால் போய்விடும் என்று துளையை மண்ணால் அடைக்கிறவர்கள், பழைய மூங்கில் துண்டு ஒன்றைத் தனியாக நிழலில் கட்டிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது. கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால், சுவர் விரிசலில், அரக்குக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது கொசுத்தேனீயின் வாசல். கொட்டாது. சுவருக்குச் சிமெண்ட் பூச ஆள் வரும்போது அந்த ஓட்டையைக் காட்டிச் சொல்லி வைக்கவேண்டும்.

கடைசியாக ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவி. புழுவைப் பிடித்துவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று காலம் காலமாகச் சொல்லிவந்திருக்கிறோம், தத்துவத்துக்குக்கூட உவமையாக்கியிருக்கிறோம். கூட்டைப் பிளந்து பார்த்தால் நடப்பது வேறு. சின்னப் பானை போலக் கழுத்தும் வாயுமாக இருக்கும் கூடாக இருந்தால், உள்ளே சாகாமலும் அசையாமலும் நாலைந்து பச்சைப்புழுக்கள் அடுக்கியிருக்கும். கொட்டியது செயலிழக்கச் செய்வதற்கு. கூரையிலிருந்து குளவியின் முட்டை ஒரு நூலில் தொங்கும். பொரித்ததும் பிள்ளைக்குக் கெட்டுப்போகாத சாப்பாடு. நம் முட்டைக்கோஸிலும் வெண்டையிலும் இருந்திருக்கவேண்டிய புழுக்கள் அவை. உருளை உருளையாக, நாலைந்து அறை சேர்த்துப் பூசிய பெரிய மண்கட்டியாக இருந்தால் உள்ளே புழுவுக்குப் பதில் சிலந்திகள் இருக்கும். அந்தக் குளவியால் தோட்டத்துக்கு லாபம் குறைவு. பானைக்கூட்டை மட்டும் விட்டுவைக்கலாம். மண் காய்ந்து, ஓரத்தில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் குடி போய்விட்டது, சுரண்டிக்கொள்ளலாம். ஓட்டை இல்லை என்றால் வெள்ளையடிக்கிறவரிடம் சொல்லி, அந்த ஒரு ஜன்னலை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடவேண்டும்.